குலுக்கலில் கிடைக்கும் வெளிநாட்டு வாழ்வு!

டோங்கா தீவில் நடக்கும் அதிசயம் - வெளிநாடு போனவர் வாழ்ந்தாரா, வீட்டில் இருந்தவர் வாழ்ந்தாரா? - நிபுணர்கள் கண்டுபிடித்த உண்மை

குலுக்கலில் பணம் விழும். இது எல்லோருக்கும் தெரியும்.

பணத்துக்குப் பதில் ஒரு நாடே விழுகிற குலுக்கல் ஒன்று உண்டு!

பெயர் விழுந்தால் நியூசிலாந்தில் போய்க் குடியேறலாம். மனைவி மக்களையும் அழைத்துப் போகலாம். காலம் பூராவும் அங்கேயே இருக்கலாம். பெயர் விழாவிட்டால், அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் குலுக்கலில் பெயர் கொடுப்பவர்கள் டோங்கா தீவு மக்கள். குலுக்கலை நடத்துவது நியூசிலாந்து அரசாங்கம்.

வெளிநாட்டுக்குப் போனால் குடும்பம் முன்னேறுமா? எவ்வளவு முன்னேறும்? ஊரில் தங்கிவிட்ட அப்பா அம்மாவின் கதி என்ன? இந்தக் கேள்விகளுக்கு உலகத்து அறிஞர்கள் வெகு காலம் விடை தேடினார்கள். சரியான விடை கொடுத்தது இந்தக் குலுக்கல்தான்.

எங்கே இருக்கிறது டோங்கா?

பசிபிக் மகா சமுத்திரத்தின் தென் பகுதியில் இருக்கிறது டோங்கா. நியூசிலாந்தின் பெரிய நகரமான ஆக்லாந்தில் இருந்து சுமார் 2,000 கிலோ மீட்டர் தூரம். விமானத்தில் மூன்று மணி நேரப் பயணம்.

சுமார் 170 தீவுகள் சேர்ந்தது இந்த நாடு. பெரும்பாலான தீவுகளில் ஆள் கிடையாது. ஜனத்தொகை மொத்தம் ஒரு லட்சம்தான். நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்தில் இருக்கும் கூட்டம், அங்கே ஒரு தேசம்!

சின்ன நாடு என்றாலும் அங்கே ராஜா உண்டு. 1875-ல் எழுதிய அரசியல் சட்டம் உண்டு. "ஞாயிற்றுக்கிழமை புனித நாள், அன்று வேலை செய்யக்கூடாது" என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. பெரியவர்கள் முன் போகும்போது ஆணும் பெண்ணும் இடுப்பில் பாயைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். அது மரியாதை.

டோங்காவின் பெயரை உலகம் முழுவதும் பரப்பியவர் ஒரு ராணி. அவர் பெயர் சலோட்டே. ஆறடிக்கு மேல் உயரம். 1953-ம் ஆண்டு லண்டனில் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா நடந்தது. அன்று நல்ல மழை. மற்ற விருந்தினர்கள் வண்டியின் கூரையை மூடிக்கொண்டார்கள். சலோட்டே ராணி மூடவில்லை. நனைந்துகொண்டே, சிரித்த முகத்துடன், ஜனங்களைப் பார்த்துக் கை அசைத்துக்கொண்டு போனார். லண்டன் மக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

ஏன் வெளியேறுகிறார்கள்?

டோங்காவில் பசி கிடையாது. வள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் விளையும். தென்னை உண்டு. கடலில் மீன் உண்டு.

ஆனால், கையில் காசு புழங்காது. தொழிற்சாலைகள் குறைவு. சந்தைகள் எல்லாம் வெகு தூரத்தில் இருக்கின்றன. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். கோவிலுக்குக் காணிக்கை கொடுக்க வேண்டும். புயலில் பறந்த கூரைக்குத் தகரம் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் ரொக்கம் வேண்டும் அல்லவா?

அந்த ரொக்கம் வெளிநாட்டில் இருந்து வருகிறது. மகன் அனுப்புகிறான், மகள் அனுப்புகிறாள். 2018-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நியூசிலாந்தில் மட்டும் டோங்கா வம்சத்தினர் 82,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இன்னும் பலர்.

இவர்கள் அனுப்பும் பணம் எவ்வளவு தெரியுமா? டோங்கா நாட்டின் மொத்த வருமானத்தோடு ஒப்பிட்டால், சமீப ஆண்டுகளில் 100-க்கு 40-ஐத் தாண்டிவிட்டது. உலகத்தில் இந்த அளவுக்கு வெளிநாட்டுப் பணத்தை நம்பி வாழும் நாடுகள் மிகச் சில.

விடியற்காலை வேட்டை

நியூசிலாந்து எப்போதும் சிரித்த முகத்துடன் வரவேற்றது என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அங்கே தொழிற்சாலைகள் பெருகின. ஆள் பற்றாக்குறை. அதனால் தீவு மக்களை வரவேற்றார்கள். கெடு முடிந்து தங்கியவர்களைக் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. தொழில் படுத்தது. வேலை குறைந்தது. உடனே பழி, தீவு மக்கள் மேல் விழுந்தது. 1974 முதல் 1976 வரை, விடியும் முன்பே போலீசார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தூங்குகிறவர்களை எழுப்பி, "சீட்டு எங்கே?" என்று கேட்டார்கள். இல்லாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தெருவில் நடந்து போகிறவர்களைக்கூட, தோலின் நிறத்தைப் பார்த்து நிறுத்தினார்கள்.

கெடு முடிந்து தங்கியவர்களில் தீவு மக்கள் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்கள் வேறு நாட்டார்; வெள்ளையர்களும் உண்டு. ஆனால், 1985, 1986-ம் ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தபோது, வழக்குப் போடப்பட்டவர்களில் 100-க்கு 86 பேர் தீவு மக்களாக இருந்தார்கள்!

இந்தக் கொடுமைக்கு 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி நியூசிலாந்து அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. தீவுகளில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவர் பாயைப் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் முன் உட்கார வேண்டும். மன்னிப்பவர் வந்து பாயை எடுப்பார். ஆக்லாந்து நகர மண்டபத்தில், அன்றைய பிரதம மந்திரி ஜசிந்தா ஆர்டெர்ன் தலை மேல் பாய் போர்த்தப்பட்டது. தீவு மக்கள் அந்தப் பாயை எடுத்தார்கள். டோங்கா இளவரசியும் அந்த மண்டபத்தில் இருந்தார்.

250 இடம், ஆயிரக்கணக்கான பேர்

திருட்டுத்தனமாக வருவதைவிட, நேர் வழியில் வரட்டும் என்று 2002-ம் ஆண்டு நியூசிலாந்து ஒரு புதிய வழியைத் திறந்தது. டோங்காவுக்கு ஆண்டுக்கு 250 இடம் என்று ஒதுக்கியது. டுவாலு, கிரிபாட்டி என்ற குட்டித் தீவு நாடுகளுக்குத் தலைக்கு 75 இடம் கொடுத்தது.

வயது 18 முதல் 45 வரை இருக்க வேண்டும். பெயர் பதிவு செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் பதிவு செய்தார்கள்.

யாருக்குக் கொடுப்பது? படிப்பைப் பார்த்தால் படித்தவனுக்குத்தான் கிடைக்கும். பணத்தைப் பார்த்தால் பணக்காரனுக்குத்தான் கிடைக்கும். சிபாரிசு என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால், குலுக்கிப் போட்டார்கள்! கம்ப்யூட்டர் பெயர்களை எடுத்தது. தொடக்க ஆண்டுகளில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

பெயர் விழுந்தால் மட்டும் போதாது. நியூசிலாந்தில் ஒரு வேலையும் தேடிப் பிடிக்க வேண்டும். மனைவியையும், தன்னை நம்பி இருக்கும் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை ஆகியோரை அழைத்துப் போக முடியாது. இந்த விதியைக் கவனத்தில் வைக்க வேண்டும். பின்னால் இதுதான் பெரிய விஷயமாக வரப்போகிறது.

கொரோனா காலத்தில் இந்தக் குலுக்கல் நின்றது. 2022-ல் மறுபடியும் தொடங்கியது.

நஞ்சையும் புஞ்சையும்

இங்கேதான் ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள்.

உலக பாங்கியில் இருந்து டேவிட் மெக்கன்சி வந்தார். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக் கழகத்தில் இருந்து ஜான் கிப்சன் வந்தார். ஸ்டீவன் ஸ்டில்மன் என்ற பொருளாதார நிபுணரும் சேர்ந்தார். பிறகு ஹலாஹிங்கானோ ரோஹோருவா என்ற ஆராய்ச்சியாளரும் அவர்களோடு கைகோத்தார்.

"வெளிநாடு போனவனுக்கு எவ்வளவு லாபம்?" என்பது அவர்கள் கேள்வி.

இதில் என்ன கஷ்டம்? போனவன் சம்பளத்தையும் போகாதவன் சம்பளத்தையும் கழித்துப் பார்த்தால் போதாதா?

போதாது. நஞ்சையில் உரத்தைப் போட்டுவிட்டு, உரம் போடாத புஞ்சையோடு ஒப்பிட்டால் உரத்தின் பலன் தெரியுமா? விளைச்சல் கூடியது உரத்தாலா, மண்ணாலா என்று எப்படிச் சொல்வது?

வெளிநாடு போகிறவன் பெரும்பாலும் துணிச்சல்காரன், சுறுசுறுப்பானவன். ஊரிலேயே இருந்திருந்தாலும் நாலு காசு கூடத்தான் சம்பாதித்திருப்பான். அதனால், சாதாரணக் கணக்கு தப்பாகப் போய்விடும்.

குலுக்கலில் இந்தத் தப்பு வராது. பெயர் விழுந்தவனும் விழாதவனும் ஒரே மாதிரி ஆட்கள். இரண்டு பேருக்கும் போக ஆசை. இரண்டு பேருக்கும் துணிச்சல் உண்டு. ஒரே வித்தியாசம் அதிர்ஷ்டம்தான். ஒரே வயலை இரண்டு பாத்தியாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் உரம் போட்டது போல!

அறிஞர்கள் நாலு வகைக் குடும்பங்களைத் தேடிப் போனார்கள். பெயர் விழுந்து நியூசிலாந்து போனவர்கள், பெயர் விழுந்தும் இன்னும் போகாதவர்கள், பெயர் விழாதவர்கள், பெயரே கொடுக்காதவர்கள். இரண்டு நாடுகளிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். என்ன சம்பளம்? என்ன சாப்பாடு? வீட்டில் என்ன சாமான்? உடம்பு எப்படி? மனசு எப்படி? எல்லாம் கேட்டு எழுதினார்கள்.

100 ரூபாய் 363 ரூபாய் ஆனது!

போனவர்களின் வருமானம், போன முதல் ஆண்டிலேயே 263 சதவீதம் கூடியிருந்தது. அதாவது, ஊரில் 100 ரூபாய் சம்பாதித்திருக்கக் கூடியவர், அங்கே 363 ரூபாய் சம்பாதித்தார்.

அதே ஆள். அதே படிப்பு. அதே இரண்டு கை. நாடு மாறியது, கூலி மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது!

சாதாரணக் கணக்குப் போட்டால் என்ன வந்திருக்கும் என்றும் பார்த்தார்கள். வழக்கமாகச் செய்யும் பல முறைகள், லாபத்தை 20 முதல் 82 சதவீதம் வரை கூட்டிக் காட்டின. 

சம்பளத்தை மறைக்கும் சொந்தக்காரர்கள்

"வெளிநாடு போனால் பொன்னாக விளையும் என்று நினைத்து ஏமாறுகிறார்கள்" என்று சொல்வது உண்டு. டோங்கா மக்களும் அப்படித்தானா என்று அறிஞர்கள் சோதித்தார்கள். போகக் காத்திருந்தவர்களிடம், "அங்கே எவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

விடை ஆச்சரியமானது. உண்மையில் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் சொன்னார்கள்!

ஏன் இப்படி? இரண்டு காரணம் தெரிந்தது. வேலை கிடைக்காமல் கஷ்டப்பட்ட சிலரின் கதை ஊரில் பெரிதாகப் பரவியிருந்தது. இது ஒன்று.

இன்னொன்று சுவையானது. அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். முழுச் சம்பளத்தைச் சொன்னால் என்ன நடக்கும்? "தம்பி கல்யாணத்துக்கு அனுப்பு, கோவில் கட்ட அனுப்பு" என்று கடிதம் மேல் கடிதம் வருமே! அயல்நாட்டில் பிள்ளை இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

மனசுக்கு நல்லது, உடம்புக்கு?

பணம் வந்தது சரி. நிம்மதி வந்ததா?

வந்தது. ஊரில் தங்கியவர்களைவிடப் போனவர்களின் மனநிலை தேறியிருந்தது. அதிலும், பெண்களுக்கு அதிக நன்மை. ஏற்கனவே மனக்கஷ்டத்தில் இருந்தவர்களுக்கும் நல்ல மாறுதல் தெரிந்தது.

ஆனால், ரத்தக் கொதிப்பும் கூடியிருந்தது!

குழந்தைகள் விஷயத்திலும் இதே இரட்டைக் கதை. கைக்குழந்தைகளும், தளர்நடை போடும் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள். வளர்ச்சி குன்றுவது குறைந்தது. ஆனால், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் அளவுக்கு மேல் பருத்தார்கள். சாப்பாடு மாறியதுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள்.

வீட்டில் இருந்தவர்கள் கதி என்ன?

இதுதான் முக்கியமான கேள்வி. இதற்குக் கிடைத்த விடைதான் பலரைத் திடுக்கிட வைத்தது.

டோங்காவில் ஒரு வீடு என்றால் அதில் பலர் இருப்பார்கள். தாத்தா பாட்டி, அண்ணன் தம்பி, அவர்கள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்த குடும்பம். அதில் உழைக்கிற வயதில் இருக்கும் ஒருவர், மனைவி மக்களோடு கிளம்பிவிடுகிறார். மற்றவர்களை அழைத்துப் போக விதி இடம் கொடுக்காது.

மிஞ்சிய குடும்பம் என்ன ஆனது? அனுப்பிய பணத்தால் செழித்ததா?

இல்லை. போன கொஞ்ச காலத்தில் எடுத்த கணக்குப்படி, ஊரில் மிஞ்சியவர்களுக்குப் பெரும்பாலும் நஷ்டம்தான்! சம்பாதிக்கிற கை போய்விட்டது. வந்த பணம் அந்த இழப்பை ஈடு கட்டவில்லை.

பத்து ஆண்டுகள் போன பிறகு, அதே அறிஞர்கள் அதே மக்களை மறுபடியும் தேடிப் போனார்கள். போனவர்களின் லாபம் அப்படியே நிலைத்திருந்தது. மனைவி மக்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். வீட்டில் சாமான் சேர்ந்தது, சேமிப்பும் சேர்ந்தது. ஆனால், ஊரில் இருந்த மற்ற சொந்தக்காரர்களுக்கு அளந்து சொல்லும்படியான மாறுதல் ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் கல் நெஞ்சுக்காரர்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. பணம் அனுப்பத்தான் செய்தார்கள். யார் போகலாம், யார் போகக் கூடாது என்று அரசாங்கம் போட்ட விதிதான் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தது. ஒரு குமாஸ்தா எழுதும் ஒரு வரி, ஒரு வீட்டின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறது!

போய்த் திரும்பும் திட்டம்

குடும்பத்தைப் பிரிக்காமல் சம்பாதிக்க வழி உண்டா?

2006-ம் ஆண்டு உலக பாங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. "தீவு மக்கள் சில மாதம் போய் உழைத்துவிட்டுத் திரும்பட்டும், இரண்டு தரப்புக்கும் லாபம்" என்பது அதன் சாரம்.

அப்போது நியூசிலாந்துத் தோட்டங்களில் ஆள் கிடைக்கவில்லை. ஆப்பிள் பறிக்க, கிவிப் பழம் பறிக்க, திராட்சைக் கொடி கழிக்க ஆள் தேவை. 2007-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பருவ வேலைத் திட்டம் தொடங்கியது. முதலில் ஆண்டுக்கு 5,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். 2022-ல் அந்த வரம்பு 19,000 ஆகிவிட்டது.

திட்டத்தின் விதிகள் இவை: வேலை சாதாரணமாக ஏழு மாதம் வரை. பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டும். அடுத்த பருவத்தில் மறுபடி வரலாம். போக வர விமானச் செலவில் பாதியைத் தோட்ட முதலாளி கொடுக்க வேண்டும். தங்க இடமும் அவர் பார்த்துத் தர வேண்டும். அரசாங்க அனுமதி பெற்ற முதலாளிதான் ஆள் எடுக்கலாம்.

டோங்காவில் யாரை அனுப்புவது என்று கிராமத்துக் கமிட்டிகள் பார்த்தன. ஏழைக் குடும்பங்களுக்கு முதல் இடம் கொடுத்தார்கள்.

இந்தத் தடவை அறிஞர்கள் முந்திக்கொண்டார்கள். ஆட்கள் கிளம்பும் முன்பே கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். டோங்காவிலும், வனுவாட்டு என்ற இன்னொரு தீவு நாட்டிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஒரே மாதிரி நிலையில் இருந்த, ஆனால் ஆள் போகாத குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள்.

இரண்டு நாடுகளிலும், ஆள் போன குடும்பத்தின் தலைக்கு வருமானம் 30 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள். டோங்காவில் பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விடாமல் படித்தார்கள். ஊருக்கும் நன்மை கிடைத்தது. திரும்பாமல் தங்கிவிட்டவர்கள், தொடக்க ஆண்டுகளில் 100-க்கு ஒருவர்கூட இல்லை. மறுபடியும் வரலாம் என்றால் எதற்கு ஓடி ஒளிய வேண்டும்?

ஏழை நாடுகளுக்காக இதுவரை சோதித்துப் பார்த்த திட்டங்களில், மிகச் சிறந்தவற்றின் வரிசையில் இதை வைக்கலாம் என்று 2014-ல் அறிஞர்கள் எழுதினார்கள்.

பழைய ஒப்பந்தமும் புதிய ஒப்பந்தமும்

டோங்காவுக்கு அடுத்த வீடு பீஜித் தீவு. அந்தப் பெயர் தமிழர்களுக்குத் தெரியும். 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்களை வெள்ளையர்கள் அங்கே கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். 1903 முதல் சென்னையில் இருந்தும் கப்பல் போனது. அதற்கும் ஒப்பந்தம் இருந்தது. ஐந்து ஆண்டு உழைக்க வேண்டும். நடுவில் விலகினால் தண்டனை. 

இன்றைய திட்டம் அப்படி அல்ல. இரண்டு அரசாங்கங்கள் பேசி விதி போடுகின்றன. மூன்றாவது ஆள் கணக்குப் பார்க்கிறார்.

ஆனாலும் குறை இல்லாமல் இல்லை. 2022-ம் ஆண்டு நியூசிலாந்து மனித உரிமைக் கமிஷன் இந்தத் திட்டத்தைச் சோதித்தது. சில இடங்களில் நெருக்கடியான, ஈரம் கசியும் அறைகள், சம்பளத்தில் பிடித்தம், குறிப்பிட்ட முதலாளியை விட்டு வேறு இடம் போக முடியாத நிலை. இவற்றை எல்லாம் கமிஷன் எடுத்துச் சொன்னது.

ஊர்ப் பக்கமும் கவலை உண்டு. வலுவான இளைஞர்கள் ஆண்டில் பாதி நாள் ஊரில் இல்லை. கிழங்குத் தோட்டத்தை யார் பார்ப்பது? தகப்பன் இல்லாத வீட்டில் பிள்ளைகளை யார் கண்டிப்பது? பெண்கள் தலையில் பாரம் விழுகிறது. இப்படிப்பட்ட காரணங்களால், பக்கத்து நாடான சமோவாவின் அரசாங்கம் ஆள் அனுப்பும் முறையை மறுபடி ஆராய்ந்தது.

கடலுக்கு அடியில் அறுந்த கம்பி

2022-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி டோங்காவில் கடலுக்குள் இருந்த எரிமலை வெடித்தது. சாம்பல் மழை பெய்தது. கடல் பொங்கிக் கிராமங்களை அழித்தது. கடலுக்கு அடியில் போகும் தகவல் தொடர்புக் கம்பியும் அறுந்தது.

உடனே வெளி உலகத்தோடு பேச்சுத் தடைப்பட்டது. வெளிநாட்டில் இருந்த டோங்கா மக்கள் துடித்தார்கள். அம்மா உயிரோடு இருக்கிறாளா? தெரியாது. பணம் அனுப்பலாம் என்றால், அதுவும் அந்தக் கம்பி வழியாகத்தான் போக வேண்டும்! கம்பியை ஒட்டிச் சரி செய்ய ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது.

பணம் அனுப்புவதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. அது கமிஷன். 100 ரூபாய் அனுப்பினால் 10 ரூபாய்க்கு மேல் பிடித்துக்கொண்ட காலம் உண்டு. எந்தக் கடையில் கமிஷன் குறைவு என்று எல்லோருக்கும் தெரியும்படி, நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 2009-ல் ஒரு விலைப் பட்டியல் ஏற்பாடு செய்தன. 2030-ம் ஆண்டுக்குள் உலகம் எங்கும் 100-க்கு 3-க்குக் கீழே கமிஷனைக் கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வைத்திருக்கிறது.

உலகம் பின்பற்றுகிறது

டோங்காவில் எடுத்த கணக்கு அலமாரியில் தூங்கவில்லை.

ஆஸ்திரேலியா 2008-ல் பருவ வேலைத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. 2012-ல் நிரந்தரமாக்கியது. குடியேறும் குலுக்கலையும் பின்பற்றியது. 2024-ல் தொடங்கிய அந்தக் குலுக்கலில், குடும்பத்தாரையும் சேர்த்து ஆண்டுக்கு 3,000 பேர் வரை குடியேறலாம். கடல் மட்டம் உயர்ந்தால் முழுகிவிடும் என்று அஞ்சும் டுவாலு நாட்டுக்கு, ஆண்டுக்கு 280 இடம் தனியாகக் கொடுத்திருக்கிறது.

2018-ம் ஆண்டு டிசம்பரில், மக்கள் நாடு விட்டு நாடு போவது பற்றிய உலக உடன்பாடு ஒன்று உருவானது. மொராக்கோவில் உள்ள மராகெஷ் நகரத்தில் நாடுகள் கூடி இதை ஏற்றன. பிறகு ஐக்கிய நாடுகள் சபையில் 152 நாடுகள் ஆதரித்து ஓட்டுப் போட்டன. நியூசிலாந்து ஆதரித்தது. ஆஸ்திரேலியா நடுநிலை வகித்தது. அமெரிக்கா உள்பட 5 நாடுகள் எதிர்த்தன.

அந்த உடன்பாட்டில் 23 குறிக்கோள்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது என்ன? வேலி போடுவது அல்ல. கதவைத் திறப்பதும் அல்ல. "சரியான கணக்கு எடுக்க வேண்டும், அதை வைத்துத் திட்டம் போட வேண்டும்" என்பதுதான்.

ஒரு லட்சம் பேர் உள்ள ஒரு தீவில், வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு இரண்டு விஷயங்களைத் தெளிவாகக் காட்டிவிட்டது. வெளிநாட்டுக்குப் போகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். வீட்டில் இருக்கும் வயதானவர்கள் பிழைப்பது, போகிறவரின் நல்ல மனத்தை மட்டும் பொறுத்தது அல்ல. எத்தனை மாதம் இருக்கலாம், யாரை அழைத்துப் போகலாம், பணம் அனுப்ப என்ன கமிஷன் என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எழுதும் விதிகளையும் பொறுத்தது.